கைக்கு

ஜெபமாலை மறுபடியும் நழுவியது. ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கச் சொல்லி, புஷ்பா தன் கணவரின் விரல்களில் அதை மூன்றாம் முறையாகச் சுற்றினாள். விறைத்துப்போன விரல்கள் இடம் கொடுக்கவில்லை. சிலுவை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேலே இழுத்துவிட்டு, சட்டைக் கைமடிப்பைச் சரிசெய்து, மூடலாம் என்று தலையசைத்தாள். மூடினார்கள்.

"கடைசியா என்னா சொன்னாரு புஷ்பா?" என்று அப்போதுதான் வந்து உட்கார்ந்த மரியாயின் சேனைச் செயலாளரம்மா கேட்டாள். புஷ்பா அந்தச் சேனைக்குத் தலைவி. செகந்திராபாத்தில் தமிழ்ப் பூசைக்கு வருகிற குடும்பங்களில் அவள் வீட்டில் ஜெபமாலை சொல்லாத குடும்பம் எதுவும் இல்லை.

"மாஸ்க்க ஒரு பக்கமா நகத்திட்டு என்னையப் பாத்தாரு. 'கைக்கு'ன்னாரு. எனக்கு மொதல்ல வெளங்கல. மறுபடியும் 'கைக்கு'ன்னாரு. சட்டுன்னு புரிஞ்சுபோச்சு. பையிலேருந்து ஜெபமாலைய எடுத்துக் கையில வச்சேன். விரல மடக்கிக்கிட்டாரு. அப்புறம் கால் மணி நேரந்தான்."

"நன்மரணம்" என்றாள் செயலாளரம்மா. சுற்றி இருந்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "சூசையப்பரு பக்கத்துல நின்னுருக்காரு. எத்தன பேருக்குக் கெடைக்கும்?"

நேற்று மத்தியானத்திலிருந்து இதோடு ஏழோ எட்டோ தடவை சொல்லியாயிற்று. சொல்லச் சொல்லக் கதைக்கு மெருகு ஏறிக்கொண்டே வந்தது. முதல் தடவை சொன்னபோது ஜெயச்சந்திரன் சும்மாதான் கண்ணை மூடினார். இன்று காலையில் மாதா படத்தைப் பார்த்துவிட்டு மூடினார். ஐசியூவில் மாதா படம் எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் அதையெல்லாம் கேட்க மாட்டார்கள்.

மகன் தினேஷ் மட்டும் முதல் தடவை கேட்டதிலிருந்து அவள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தான். கீழ்வீட்டு நஸ்ரின் டீ ஃபிளாஸ்க்கோடு வந்து, "கைக்கு கடே ஹை பேட்டா? பைட்டோ" என்று ஒரு நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள். அவன் உட்கார்ந்தான்.

புஷ்பாவுக்கு அழுகை வரவில்லை. வந்தது ஒருவித வெற்றி. அதைச் சொன்னால் ஊர் காறித் துப்பும் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் அதுதான் வந்தது. இந்த மனிதர் ஜெபமாலையைத் தொட்டுப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. பூசைக்கு வருவார், கடைசி பெஞ்சில் உட்காருவார், போவார். வீட்டில் ராத்திரி ஜெபத்துக்கு எல்லாரும் முட்டி போட்டால் இவர் மட்டும் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வார். சேனைத் தலைவியின் புருஷன். எத்தனை பேர் அவளிடம் குத்திக் கேட்டிருப்பார்கள். அதற்கெல்லாம் சேர்த்து ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஆளுக்கும் சேர்த்துத்தான் பதில்.

அந்த ஆள் என்றால் இன்னய்யா. தெலுங்குக் கத்தோலிக்கர். மெட்டுகுடா ரயில்வே லைனில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் தண்டவாளத்தோடு நடந்து, கழன்ற சாவி ஆப்புகளைச் சுத்தியலால் தட்டி இறுக்குவதுதான் முப்பது வருஷமாக அவர் பார்த்த வேலை. எட்டாவது தாண்டாதவர். அவரிடம்தான் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்த, ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஷிஃப்ட் இன்சார்ஜாக இருந்த ஜெயச்சந்திரன், ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு மணிக்குப் போய் உட்கார்ந்து வந்தார். "அவருதான் எனக்கு ஆன்ம வழிகாட்டி" என்று ஒருநாள் இவளிடமே சொன்னார். புஷ்பா சிரித்துவிட்டாள். சாமியார் இல்லை, சிஸ்டர் இல்லை, ஒரு உபதேசியார்கூட இல்லை. தண்டவாளம் தட்டுகிறவன் ஆன்மாவைத் தட்டப்போகிறானாம்.

அதன் ஆரம்பம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம். அடுப்படி வாசலில் வந்து நின்று, "புஷ்பா, எனக்கு ஜெபம் வர மாட்டேங்குது" என்றார். இவள் கஞ்சியைக் கிளறிக்கொண்டே, "அதெல்லாம் ஜெபமால சொன்னா வந்துரும்" என்றாள். பங்குச் சாமியிடம் போனார். அவர் ஒன்பது நாள் நவநாள் செய்யச் சொன்னார். தியானக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தலையில் கை வைத்துக் கத்தினார்கள். ஐந்தாறு மாதம் இப்படி அலைந்தவர், ஒரு சனிக்கிழமை ஓய்வுக்குப் பிறகு கோயில் பின்பக்கத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த இந்த இன்னய்யாவிடம் நின்று பேசிவிட்டு வந்தார். அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார். அதைத்தான் புஷ்பாவால் மன்னிக்க முடியவில்லை.

"அம்மா," என்று தினேஷ் உள்ளே வந்தான். "இன்னய்யா அங்கிள் நீச்சே கடே ஹை. ஊப்பர் புலாவூன் கியா?"

"வேணாம். கீழயே நிக்கட்டும், மேல கூப்பிடாத."

"மா, ப்ளீஸ்."

"வாசப்படிக்கு இந்தப் பக்கம் தமிழ்ல பேசு."

அது அந்த வீட்டின் சட்டம். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் திண்டுக்கல்லிலிருந்து இங்கே வந்த அன்றே புஷ்பா போட்ட சட்டம். வாசற்படிக்கு வெளியே தெலுங்கோ இந்தியோ என்ன கண்றாவியோ பேசிக்கொள்ளலாம். உள்ளே தமிழ். ஜெயச்சந்திரன் கம்பெனி பஸ்ஸில் ஹைதராபாத்துக்காரனாகவே பேசி வருவார். செருப்பைக் கழற்றும்போது அந்தப் பேச்சையும் கழற்றிவிடுவார். பையனுக்குத்தான் நாக்கு திரும்பவில்லை. தமிழில் கேட்டால் இந்தியில் பதில் வரும்.

அவளே கீழே இறங்கினாள். கூட்டத்துக்கு முன்னால் எதுவும் வேண்டாம், கீழேயே முடித்து அனுப்பிவிடலாம் என்று நினைத்துத்தான் இறங்கினாள். மூன்று நாளாக அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, எப்படித் தெரிந்ததோ, மத்தியானமே இன்னய்யா வந்து நின்றார். ஐசியூவுக்குள் போக ஒரே ஒரு பாஸ். அது புஷ்பாவின் கழுத்தில் தொங்கியது. "வீட்டு ஆளுங்களுக்கு மட்டுந்தான்" என்றாள். செக்யூரிட்டியிடமும் சொல்லி வைத்தாள். செவ்வாயும் வந்தார். புதனும் வந்தார். லிஃப்டுக்குப் பக்கத்தில், துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மணிக்கணக்காக நின்றார். உள்ளே ஜெயச்சந்திரன், "இன்னய்யா வந்தாரா?" என்று கேட்டார்.

"வரலங்க. தகவல் சொல்லி அனுப்பியாச்சு."

மறுநாளும் கேட்டார். மறுநாளும் வரவில்லை என்றாள். அந்த வாயோடு ஆஸ்பத்திரிக்கு வந்த சாமியிடம் நற்கருணையும் வாங்கிக்கொண்டாள். கடைசி நேரத்திலாவது அவர் தனக்கு முழுசாக வேண்டும் என்று நினைத்தாள். அதில் என்ன தப்பு என்றும் நினைத்தாள்.

படிக்கட்டின் அடியில், கழற்றிப்போட்ட செருப்புக் குவியலுக்கு நடுவே இன்னய்யா நின்றிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அதே துணிப்பை.

"தண்டம் அம்மா" என்று தெலுங்கில் வணக்கம் சொல்லிக் கை கூப்பினார். ரயில்வேயில் தமிழ்க் கேங்கோடு வேலை பார்த்ததில் தமிழ் வரும், உடைந்து உடைந்து. "ஒரு தடவ பாத்துட்டு போறேன்."

"பாக்கலாம். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. பதினோரு வருசம் அவருக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லித் தரல."

"சொல்லித் தராமத்தான் ஜெபமாலையத் தூக்கி எறிஞ்சாரா? புள்ளையோட முட்டி போட மாட்டேன்னாரா? என்னமோ சாமியார் மாதிரி வாராவாரம் உக்கார வச்சு..."

"அம்மா." அவர் குரல் உயரவில்லை. ஆனால் அதில் பணிவும் இல்லை. "நான் ட்ராக் மனுஷன். எனக்கு என்ன தெரியும்? அவரு பேசுவாரு. நான் கேப்பேன், கைக்கு? அவ்ளோதான். ஜெபம் வரல அப்டினு சொல்வாரு. கைக்கு? கோபம் அப்டினு சொல்வாரு. கைக்கு? பதில் வர ரெண்டு மாசம் ஆகும், நாலு மாசம் ஆகும். நான் செருப்பு தெச்சிட்டு இருப்பேன். அப்புறம் அது எங்களுக்குள்ள நமஸ்தே மாதிரி ஆயிருச்சு. கதவத் தொறந்தா அவரே 'கைக்கு'னு சொல்லிட்டுதான் உள்ள வருவாரு."

புஷ்பாவின் கை படிக்கட்டுக் கம்பியில் இருந்தது. அது அங்கேயே இருந்தது.

"என்ன சொன்னீங்க?"

"கைக்கு. ஏன், எதுக்கு. தெரியாதா உங்களுக்கு?"

தெரியாமல் என்ன. காய்கறி வண்டிக்காரனிலிருந்து நஸ்ரின்வரை இந்த ஊர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற சொல். கைக்கு லேட்டு, கைக்கு குஸ்ஸா, கைக்கு கடே. பத்து நிமிஷத்துக்கு முன்னால்கூட மாடியில் காதில் விழுந்தது. வாசற்படிக்கு வெளியே ஆயிரம் தடவை கேட்ட சொல்லை அவள் ஐசியூவில் தமிழாகக் கேட்டிருக்கிறாள். அந்தக் கட்டிலைச் சுற்றியும் அவள் தன் வாசற்படியைப் போட்டு வைத்திருந்தாள்.

அவளுக்கு இப்போது அந்த நிமிஷம் வரிசையாக நினைவு வந்தது. எல்லாரிடமும் சொன்ன கதையில் முன்பாதி ஒன்று இருந்தது. அதை எட்டுத் தடவையும் விட்டுவிட்டே சொல்லியிருந்தாள். புதன்கிழமை மத்தியானம் அவர் மூன்றாம் முறையாக, "இன்னய்யா?" என்றார். இவள், "இன்னைக்கும் வரலங்க" என்றாள். அவர் மாஸ்க்கை நகர்த்தினார். இவளைப் பார்த்தார்.

கைக்கு?

இவள் பையைத் துழாவினாள். அவர் மறுபடியும் கேட்டார்.

"புஷ்பா!" மாடியிலிருந்து செயலாளரம்மா எட்டிப் பார்த்தாள். "சாமியாரு கார் வந்துருச்சாம். பெட்டிய எறக்கச் சொல்லவா? இவரு யாரு, தெரிஞ்சவரா? ஐயா, நீங்க குடுத்து வச்சவரு, புண்ணியவானுக்குச் சிநேகிதம். 'கைக்கு, கைக்கு'ன்னு ரெண்டு தடவ ஜெபமால கேட்டு வாங்கிட்டு உயிர விட்டுருக்காரு மனுசன்."

இன்னய்யா அண்ணாந்து அந்த அம்மாளைப் பார்த்தார். பிறகு புஷ்பாவைப் பார்த்தார். படியேறி அவளைத் தாண்டி மேலே போனார். அவள் தடுக்கவில்லை.

கோயிலில் சாமியார் தமிழில் பிரசங்கம் வைத்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், நல்ல குரல். செயலாளரம்மா எல்லாவற்றையும் அவர் காதில் போட்டிருந்தாள். "நம் சகோதரர் ஜெயச்சந்திரன் இந்த உலகத்தில் கடைசியாகக் கேட்டது சொத்தை அல்ல, மருந்தை அல்ல. 'கைக்கு' என்றார். தன் தாயின் கையைப் பிடிக்கிற குழந்தையைப் போல ஜெபமாலையைக் கேட்டார்." பெஞ்சுகளில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. புஷ்பா முன்வரிசையில் இருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கடைசி பெஞ்சு தெரிந்தது. அங்கேதான் பதினோரு வருஷம் அவர் உட்கார்ந்தார். இன்று அங்கே இன்னய்யா உட்கார்ந்திருந்தார். எழுந்து கத்துவார், பொய் என்று சொல்வார் என்று அவள் பூசை முடியும்வரை காத்திருந்தாள். சொல்லியிருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூடுவதற்கு முன், குழிவெட்டுகிறவர்களில் ஒருவர், "மாலை உள்ளயே இருக்கட்டுமா?" என்று கேட்டார். வழக்கமான கேள்விதான். தங்கச் சங்கிலி, மோதிரம் இருந்தால் கழற்றிக்கொள்வார்கள். ஜெபமாலையை யாரும் கழற்றுவதில்லை.

"எடுத்துருங்க" என்றாள் புஷ்பா.

சேனைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்ன புஷ்பா இது? அவரு கேட்டு வாங்குனது."

"அவரு கேக்கல. எடுங்க."

துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று செயலாளரம்மா அவள் தோளைப் பிடித்தாள். புஷ்பா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தானே குனிந்து அவிழ்த்தாள். சுற்றும்போது இடம் கொடுக்காத விரல்கள் இப்போது விட மறுத்தன. ஒரு மணி நடுவிரலின் இடுக்கில் சிக்கிக்கொண்டது. தினேஷ் பக்கத்தில் முழங்காலிட்டு, அப்பாவின் விரலை மெதுவாக நிமிர்த்திப் பிடித்தான்.

"எனக்கு நேத்தே புரிஞ்சுது ம்மா" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. தமிழில்தான் சொன்னான். "வலியில ஏன்னு கேட்டிருக்காருன்னு. நீ சந்தோஷமா சொல்லிட்டிருந்தே. அதான் சொல்லல."

வலியில் இல்லை என்று அவனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மண் போட்டார்கள். சாமியார் போனார். கூட்டம் கேட்டைப் பார்த்து நகர்ந்தது. எல்லாரும் போட்டு முடிக்கும்வரை தள்ளி நின்ற இன்னய்யா, கடைசியாக வந்து ஒரு பிடி மண் எடுத்தார். அவர் பக்கத்தில் புஷ்பா வந்து நின்றாள்.

"நீங்க வரலன்னு நான்தான் சொன்னேன்."

அவர் கையை மூடியபடி நின்றார்.

"மூணு நாளும் கேட்டாரு. மூணு நாளும் வரலன்னேன். கடைசித் தடவ சொன்னதுக்கு அப்புறந்தான் அவரு அப்படிக் கேட்டாரு. ஏன் வரலன்னு கேட்டாரா, ஏன்டி பொய் சொல்றன்னு கேட்டாரான்னு எனக்குத் தெரியல. அந்தக் கேள்விய ஜெபமாலையால அடைச்சுட்டேன்."

கிழவர் கையிலிருந்த மண்ணைக் குழியில் போடவில்லை. அது விரலிடுக்கு வழியாகத் தானாகவே சரிந்து விழுந்தது. உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சிவப்பாக ஒரு தடம் விழுந்தது. பிறகு திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

"கேளுங்க" என்றாள் புஷ்பா பின்னாலிருந்து. அவர் நிற்கவில்லை. "அவர்கிட்ட பதினோரு வருசம் கேட்டீங்கல்ல? ரெண்டு மாசம், நாலு மாசம் காத்துட்டிருந்து கேட்டீங்கல்ல? என்கிட்டயும் கேளுங்க. ஏன் பண்ணேன்னு கேளுங்க."

அப்போது நின்றார். அவள் பக்கம் முழுசாகத் திரும்பவில்லை. அவர் கண்ணில் இருந்தது கோபம். அதை மறைக்க அவர் எந்த முயற்சியும் எடுக்கவில்லை. அந்த முகத்தில் மன்னிப்பு எங்கேயாவது இருக்கிறதா என்று அவள் தேடினாள். இல்லை.

"இன்னிக்கி நக்கோ அம்மா" என்றார்.

கல்லறைகளுக்கு நடுவே குட்டைக் குட்டை எட்டு வைத்து நடந்து போனார். தண்டவாளத்துக் கட்டைகளின் இடைவெளிக்கே பழகிப்போன கால்கள். வெறுந்தரையிலும் அதே அளவுதான் வைத்தன.

தினேஷ் காரை கேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி இறங்கி வந்தான். "அங்கிள் க்யா போலே?"

தமிழில் பேசு என்று புஷ்பா சொல்லவில்லை. "இன்னிக்கி வேணாம்னாரு" என்றாள்.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கையைத் திறந்தாள். மண் போட்ட அதே கையில் இருந்ததால் ஜெபமாலை மணிகளில் ஈரமண் அப்பியிருந்தது. சேலைத் தலைப்பை எடுத்து ஒவ்வொரு மணியாகத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஜெபம் எதுவும் சொல்லவில்லை. வீடு வந்தபோது இருபதாவது மணியில் இருந்தாள்.